இட்டுநிரப்பியின் நாற்பத்தொரு நாட்கள்

துவரங்குறிச்சி மருத்துவமனையிலிருந்து வந்த புகாரில் இரண்டே வரிகள் இருந்தன. காய்ச்சலுக்கு வந்த ஒருவரின் நலவேட்டில், இடது சிறுநீரகம் ஏழு வருடங்களுக்கு முன் அகற்றப்பட்டதாக இருக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இரண்டும் இருக்கின்றன.

நஸ்ரின் பானு அதை இரண்டு முறை படித்தாள். திருச்சி நலவேட்டு மையத்தில் வலை சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுடையது. எட்டு மாவட்டங்களில் வாழும் ஒரு கோடிப் பேரின் உடல்நலக் குறிப்புகள் அந்த மையத்தின் தரவுத்தளத்தில் இருந்தன. மருத்துவர்கள் இப்போதெல்லாம் நோயாளியிடம் எதையும் விசாரிப்பதில்லை. பெயரைச் சொன்னால் போதும், ரத்த வகை, ஒவ்வாமை, பழைய அறுவை எல்லாம் அந்த நொடியே திரையில் வந்துவிடும். மருந்தேற்றும் இயந்திரங்களும் அந்த ஏட்டைப் படித்தே அளவை முடிவு செய்தன.

புகார் அனுப்பிய செவிலியர் எஸ்தரை அழைத்துப் பேசினாள். யாரோ பெயர் மாற்றிப் பதிந்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தாளாம் எஸ்தர். ஆனால் இந்த வாரத்தில் மட்டும் இது நான்காவது.

"மேடம், அந்த ஆளு சட்டையத் தூக்கிக் காட்டுறாரு. தழும்பே இல்ல. ஆனா மருந்து மெஷின் ஒரு கிட்னிக்குத்தான் அளவு போடுவேன்னு நிக்குது."

இயந்திரத்தை அணைத்துவிட்டு மருத்துவரையே அளவு சொல்லச் சொல்லும்படி நஸ்ரின் கேட்டுக்கொண்டாள். பிறகு கண்காணிப்புப் பலகையைத் திறந்தாள். எல்லா விளக்குகளும் பச்சை. ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கும் நேரம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. மையம் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு வேகம் இருந்ததில்லை. போன மாதம்தான் அதற்காகச் சென்னையில் ஒரு விழா வைத்து, இயக்குநர் ஞானசௌந்தரிக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள்.

கீழ்த்தளத்தில் தரவுத்தளத்தைக் கவனிப்பவர் குலசேகர். பதினெட்டு வருட அனுபவம். தவறு எப்போதும் மேல்மாடியில், நஸ்ரினின் பக்கம்தான் என்று அடித்துச் சொல்லக்கூடியவர். அவரை அழைத்தாள்.

"என் பக்கம் ஒண்ணும் இல்லம்மா. ஒன்றரை மாசமா லோடே இல்லாம அமைதியா ஓடுது. நான் போட்ட புது அட்டவணை முறை அப்படி வேல செய்யுது."

ஒரு கோடிப் பேருக்குப் பதில் சொல்லும் தளத்துக்குச் சுமை குறையலாம், சுமையே இல்லாமல் எப்படி இருக்கும்?

"அண்ணா, இப்ப எங்க சர்வர்லேருந்து எத்தன கனெக்ஷன் தொறந்திருக்கு?"

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஒண்ணுகூட இல்ல" என்றார் குலசேகர்.

அவர் மாடிப்படி ஏறி வருவதற்குள் அவள் சர்வரின் பதிவேட்டைத் திறந்திருந்தாள். ஒரே வரி, நொடிக்கு ஒரு தடவை, பக்கம் பக்கமாக: கடவுச்சொல் தவறு, இணைப்பு மறுக்கப்பட்டது. மேலே தள்ளிக்கொண்டே போனாள். வரி தொடங்கிய இடம் நாற்பத்தொரு நாட்களுக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை. பாதுகாப்பு விதிப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தளத்தின் கடவுச்சொல் மாறும். குலசேகர் அன்று மாற்றிவிட்டு, மேல்மாடிக்குத் தகவல் அனுப்பியிருந்தார். அந்தத் தகவல் போனது வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவரின் முகவரிக்கு. சர்வர்கள் பழைய சொல்லையே சொல்லிச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன.

"அப்ப இத்தன நாளா ஜனங்களுக்குப் பதில் சொன்னது யாரு?" என்று குலசேகர் கேட்டார். கேட்கும்போதே அவருக்கும் விடை தெரிந்துவிட்டது.

இட்டுநிரப்பி. நான்கு வருடங்களுக்கு முன், திரையில் நான்கு நொடி காத்திருக்க மக்களால் முடியவில்லை என்று பொருத்திய இயந்திரம். தளம் பதில் தரத் தாமதித்தால், இன்னாருக்கு இன்ன பதில்தான் வரும் என்று கணித்து அது உடனே காட்டிவிடும். உண்மைப் பதில் பின்னால் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு கோடி ஏடுகளைப் படித்துத் தேறிய இயந்திரம், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாகச் சொல்லும். உண்மைப் பதில் வரவே வராமல் போனால் என்ன ஆகும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கண்காணிப்புப் பலகை பார்த்தது ஒன்றைத்தான்: பதில் போனதா? போனது. அதனால் பச்சை.

இயக்குநர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் பேசினார்கள். சர்வர்களை நிறுத்தினால் எல்லா மருத்துவமனைகளும் ஒரே நேரத்தில் குருடாகிவிடும். நிறுத்தாவிட்டால் ஊகம் தொடரும். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்து உடனே இணைத்துவிடுவது என்று முடிவாயிற்று. காலை பதினொன்றுக்கு நஸ்ரின் இணைத்தாள்.

இரண்டு நிமிடம் நன்றாக இருந்தது. அதன் பிறகு பலகை சிவக்கத் தொடங்கியது. இந்த நாற்பத்தொரு நாட்களில் ஆய்வகங்களும் மருத்துவமனைகளும் அனுப்பிய புதிய பதிவுகளை இட்டுநிரப்பி ஒரு காத்திருப்புப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தது. இணைப்பு வந்ததும் அவை மொத்தமாகத் தளத்துக்குள் இறங்கின. தளத்தில் இருந்ததும், பெட்டியில் வந்ததும், மருத்துவர்களுக்குக் காட்டிய ஊகமும் ஒன்றோடொன்று மோதின. மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் முரண்கள். ஏட்டில் முரண் இருந்தால் மருந்தேற்றும் இயந்திரம் நின்றுவிட வேண்டும் என்பது விதி. எட்டு மாவட்டங்களிலும் அவை நின்றுகொண்டிருந்தன. தஞ்சாவூரில் ஒரு அறுவைக்கூடத்தில் பாதியில் நின்றுபோய், மயக்க மருந்தைக் கையால் அழுத்திக்கொண்டிருக்கிறார்களாம். எல்லாத் தொலைபேசிகளும் ஒன்றாக அடித்தன. இயக்குநர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, எதையாவது செய் என்று மட்டும் சொன்னார்.

நஸ்ரின் ஒரு விதி எழுதினாள். முரண் இருந்தால், ஏற்கெனவே காட்டிய பதிவே நிற்கும், மற்றது நீங்கும். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சை எல்லாம் அந்தப் பதிவை நம்பித்தான் நடக்கிறது, அதை நடுவில் மாற்றுவதுதான் ஆபத்து என்று அவளுக்குப் பட்டது. அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகத் தட்டித் திருத்தினாள். விதி ஒன்பது நிமிடம் ஓடியது. பலகை பச்சைக்குத் திரும்பியது. தஞ்சாவூரிலிருந்து, இயந்திரம் மறுபடி ஓடுகிறது என்றார்கள். குலசேகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேநீர் வாங்கி வரச் சொன்னார்.

தேநீர் பாதி குடித்திருக்கும்போதுதான் நஸ்ரினுக்குத் தன் பரிசோதனையின் நினைவு வந்தது.

மூன்று வாரத்துக்கு முன் மார்பில் ஒரு சிறு கட்டி தட்டுப்பட்டு, தில்லைநகரில் ஒரு பரிசோதனை மையத்தில் திசு எடுத்துக் கொடுத்திருந்தாள். வீட்டுக்கு வந்து நலவேட்டைத் திறந்தால் முடிவு இருந்தது: குறைபாடு இல்லை. கணவன் இர்ஃபானிடம் சொல்லிவிட்டு, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். திசுவைப் பதப்படுத்தி வெட்டிப் பார்க்கவே இரண்டு நாள் வேண்டுமே, ஒரு மணி நேரத்தில் எப்படி முடிவு வந்தது என்று அன்று அவள் யோசிக்கவில்லை.

இப்போது தன் ஏட்டைத் தேடினாள். குறைபாடு இல்லை. இது ஆய்வகம் சொன்னதா, இட்டுநிரப்பி சொன்னதா? காத்திருப்புப் பெட்டியைத் திறந்தாள். காலி. நீக்குவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்பது இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோரும் படிக்கிற பாடம். அந்த ஒன்பது நிமிடத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

"அண்ணா, உங்க தளத்துல பழைய நகல் இருக்குமா?"

"இந்த நாப்பத்தோரு நாள் பதிவு எதுவும் இன்னிக்குக் காலை வரைக்கும் என்கிட்ட வந்து சேரவே இல்லையேம்மா. அந்தப் பெட்டியில மட்டும்தான் இருந்துச்சு. ஆய்வகமும் இப்பல்லாம் முடிவ நேரா ஏட்டுலதான் போடுறாங்க, தனியா நகல் வச்சுக்கறதில்ல." அவர் அவள் திரையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டுக் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

தன்னைப் போல இன்னும் மூன்று லட்சம் பேர். அதில் எத்தனை பேருக்கு உண்மையான முடிவை அவள் கையாலேயே துடைத்துப் போட்டாள் என்று கண்டுபிடிக்க இனி வழியில்லை. இயக்குநரிடம் போய், எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும் என்றாள். பீதி கிளம்பும், மருத்துவமனைகள் தாங்காது என்று ஞானசௌந்தரி மறுத்தார். நஸ்ரின் தன் கட்டியைப் பற்றிச் சொன்னாள். இயக்குநர் தன் மகனின் ஏட்டைத் திறந்து தேதியைப் பார்த்தார். தன் மகனுக்கு மஞ்சள் காமாலை என்று பத்து நாளாக மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதாகவும், அதுவும் இந்த நாற்பத்தொன்றுக்குள்தான் வருகிறது என்றும் சொன்னார். அனுப்பச் சொல்லிவிட்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கு அந்த மூன்று லட்சம் பேருக்கும் செய்தி போனது. உங்கள் ஏட்டில் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரையிலான பதிவுகள் உண்மையாக இல்லாமல் இருக்கலாம், நேரில் வந்து மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தைச் சமாளிக்கக் கூடுதல் ஆட்களை வைக்கும்படி மருத்துவமனைகளுக்கும் சொன்னார்கள்.

நஸ்ரின் பலகையைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு மணி நேரத்தில் இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பேர் தங்கள் ஏட்டைத் திறந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தளம் நேரடியாகவே பதில் சொன்னது, ஊகம் எதுவும் குறுக்கே வரவில்லை. திறந்தார்கள், பார்த்தார்கள், மூடினார்கள். ஒரு தொலைபேசியும் அடிக்கவில்லை.

அவள் ஆட்டோ பிடித்துத் தில்லைநகருக்குக் கிளம்பினாள். போகும் வழியில் தன் ஏட்டை மூன்று முறை திறந்து பார்த்தாள். மூன்று முறையும் குறைபாடு இல்லை. மூன்றாவது முறை பார்த்தபோது, வண்டியைத் திருப்பச் சொல்லலாமா என்றுகூட நினைத்தாள்.

பரிசோதனை மையத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பதிவு மேசையில் பிரிட்டோ என்று பெயர் அட்டை குத்தியிருந்த இளைஞன் அவள் ஏட்டைப் பார்த்தான். குறைபாடு இல்லை என்று வந்த முடிவுக்கு மாதிரியைப் பத்தே நாளில் அழித்துவிடுவார்களாம், மறுபடி எடுத்தால்தான் உண்டு, முடிவு வர மூன்று நாள் ஆகும் என்றான்.

"எடுத்துக்குங்க" என்றாள். பிறகு, செய்தியைப் பார்த்துவிட்டு எவ்வளவு பேர் வந்தார்கள் என்று கேட்டாள்.

"உங்களோட சேத்து நாலு பேரு மேடம். எனக்கும்கூட வந்துச்சு. தொறந்து பாத்தேன், எல்லாம் கரெக்டாத்தான் இருந்துச்சு."

"எதோட ஒப்பிட்டுப் பாத்தீங்க?"

அவன் திரையைத் தன் பக்கம் திருப்பி, தன் ஏட்டை மறுபடி திறந்து, அது வரும்வரை காத்திருந்தான்.