அவன் திரும்பாத பக்கம்

"ஏங்க... பழைய பஸ் ஸ்டாண்டுல இருந்து என்னையே பாத்துட்டு வாரியளே, என் மூஞ்சில என்ன படமா ஓடுது?"

டவுன் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். வேல்விழி பெண்கள் சீட்டில், இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அந்த இளைஞன் நடுவில் கம்பியைப் பிடித்தபடி நின்றான். உடம்பு நேராகத்தான் இருந்தது. முகம் மட்டும் அவள் பக்கம்.

"நான் பாக்கலீங்க..." என்றான். "கழுத்து பாக்குதுங்க."

யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் கோபம் ஏறியது. திருப்பூருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், கோபம் வந்தால் சங்கரன்கோவில் பேச்சுதான் வரும்.

"அப்போ கழுத்த வீட்ல வச்சிட்டு வாங்க!"

அவன் ஒரு விரலைத் தன் கன்னத்தில் வைத்தான். தள்ளவில்லை, சும்மா வைத்தான். தலை மெல்ல நேரே வந்தது. விரலை எடுத்ததும்... மறுபடி அவளிடமே வந்து நின்றது.

"கோளாறுங்க. எந்நேரமும் இடது பக்கமே இழுக்குது. பஸ்ஸுல பொம்பளைங்க சீட்டும் இடது பக்கமே இருக்குது... நான் என்னங்க பண்ணட்டும்?"

மழையில் நனைந்த இமைகள். அதற்குள் கெஞ்சும் கண்கள்... அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராயபுரத்தில் இறங்கினாள். அவனும் இறங்கினான்.

"இப்போ பின்னாலயும் வாரியளா?"

"இல்லீங்க... முன்னால போறேன்" என்று சொல்லி, அவளுக்கு முன்னே பிசியோதெரபி சென்டர் படியேறினான்.

அவளும் அங்கேதான் வந்திருந்தாள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் துணியைத் தள்ளும்போது மட்டும் அவளது வலது கை விரல்கள் தானாக உள்ளே சுருண்டுவிடும். கோலம் போட்டால் ஒன்றும் இல்லை. பூக் கட்டினால் ஒன்றும் இல்லை. தெரபிஸ்ட் கீர்த்தனா மேஜையில் பனியன் துண்டுகளைப் பரப்பி, விரல்களை விரித்து, மெதுவாகத் தள்ளப் பழக்கினாள்.

அவன் பெயர் திருமூர்த்தி. குண்டடத்துக்காரன். நிட்டிங் கம்பெனியில் மெக்கானிக்.

"இன்னைக்கு பஸ்ல கழுத்து யாரைப் பாத்துச்சு?" என்று தினமும் வேல்விழி அவனிடம் கேட்பாள்.

"ஒரு அம்மாவைங்க. சீட்டுக்குத்தான் பாக்கறேன்னு எந்திரிச்சு எடம் குடுத்துட்டாங்க."

சிரித்துச் சிரித்து அவள் விரல்கள் தளர்ந்துவிடும். அந்தச் சாயங்காலங்களுக்காகவே பகலெல்லாம் காத்திருந்தாள்.

பிறகுதான் நாற்காலியைக் கவனித்தாள்.

அறை நடுவில் அவன் நாற்காலி. ஒரு பக்கம் இவள் மேஜை, மறுபக்கம் கீர்த்தனாவின் மேஜை. எப்போதும் கீர்த்தனா தன் இடப்பக்கம் வரும்படியே உட்கார்ந்தான். கழுத்து இழுப்பது அவன் தப்பில்லை. ஆனால் நாற்காலியைப் போடுவது அவன் கைதானே? திருப்பிப் போட்டால் அந்த முகம் இவளிடம் வந்திருக்குமே...

"தோளை இறக்குங்க... அவ்வளவுதானுங்க... சூப்பர்!" என்பாள் கீர்த்தனா, அவன் தோளைப் பிடித்து. இருவருக்கும் ஒரே கொங்குப் பேச்சு. கீர்த்தனாவின் விரல்கள் நீளமாக, நேராக இருந்தன. வேல்விழி தன் விரல்களைப் பார்த்தாள். நண்டு போலச் சுருண்டிருந்தன.

"கை ரொம்ப இறுகுதே... ஏதாச்சும் கவலையா கண்ணு?" என்று கேட்டாள் கீர்த்தனா.

"ஒண்ணுமில்ல மேடம்."

அந்தக் 'கண்ணு' கூடக் கசந்தது.

ஒரு நாள் துணிந்தாள். ஸ்டூலைத் தூக்கிப்போய், அவனது இடப்பக்கம், கீர்த்தனாவை மறைத்தாற்போல் உட்கார்ந்தாள். அவன் முகம் முழுதாக அவள் மேல் இருந்தது.

அவன் பதறி எழுந்தான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். அவள் மறுபடி அவனது வலப்பக்கம் ஆனாள். அவன் முகம் வெறும் சுவரைப் பார்த்தது.

சுவரைவிடவும் மட்டமா நான்?

பையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். பக்கத்து பேக்கரியின் தகரக் கூரைக்குக் கீழே அவளைப் பிடித்தான். நின்றதும் அதே மாதிரிதான், அவள் தன் வலப்பக்கம் வரும்படி.

"இப்பவும் பாருங்க, அப்படியே நிக்கிய! நான் என்ன பாக்கச் சகிக்காதவளா? போங்க... அவங்களையே போய்ப் பாருங்க. நல்ல பொருத்தம்!"

"யாரைங்க?"

"மேடத்தைத்தான்!"

"ஐயோ... அவங்க சொல்லித்தானுங்க இதெல்லாம். எனக்கு வலது பக்கம் திரும்பறதுதான் கஷ்டம். ரொம்பப் பாக்கோணும்னு தோணறதை அந்தப் பக்கமா வெச்சுக்கங்க, அப்பத்தான் பழகும்னாங்க. ஊட்டுல டி.வி.ய வெச்சேன். கிரிக்கெட் மேட்சுக்கே பாதிதான் திரும்புச்சு..." மூச்சு வாங்கினான். "இங்க... உங்களை வெச்சேனுங்க."



"பொய்..." என்றாள் மெல்ல.

"இருங்க."

கன்னத்தில் விரல் வைக்காமலே திரும்பத் தொடங்கினான். முதலில் கண்கள் வந்தன. பிறகு மோவாய், நடுங்கி நடுங்கி... நடுவில் நின்றது. பின்னுக்கு இழுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஓர் அடி முன்னே போனால் போதும், அவன் எதிரில் நின்றுவிடலாம். அவள் போகவில்லை. அவனே வரட்டும்...

வந்தான். அந்த முகம் முழுசாக அவளிடம் வந்தது.

"உங்களைப் புடிச்சிருக்குங்க, வேல்விழி. சீக்கிரம் பதில் சொல்லிப்போடுங்க... கழுத்து போயிரும்."

அழுகையோடு சிரிப்பும் வந்தது அவளுக்கு. "எனக்கும்தான்... எப்பவோ..."

தலை மெல்ல இடப்பக்கம் நழுவியது. அங்கே பப்ஸ் வாங்க இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். வேல்விழி அவனைச் சுற்றிக்கொண்டு ஓடி, அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"ஏனுங்க, பயிற்சி வேண்டாமுங்களா?"

"பயிற்சிக்கு அந்தப் பக்கம் வாரேன். களைச்சுப் போயி இந்தப் பக்கம் திரும்பும்போதும் நான்தான் தெரியணும்... வேற ஒருத்தியும் கூடாது!"