நாண்மறப்பி

நிலவின் தென்முனைக் குடியிருப்பில் நேர்காணலுக்குப் போகிறவர்கள் முதலில் பிடரியைக் காட்டுவார்கள். ஊசி அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. வாசலை ஒட்டியது விண்ணப்பித்தவர்களுக்கு. திரைக்கு அப்பால் இருந்தது கேள்வி கேட்பவர்களுக்கு. நடுவே உருண்டுகொண்டிருந்த தாதி இயந்திரம், "முடியை ஒதுக்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, எறும்பு கடித்தாற்போல ஒரு குத்து குத்திவிட்டு அடுத்தவரிடம் நகரும். தலை வாரிக்கொள்வது, சான்றிதழ்களை அடுக்கி வைத்துக்கொள்வது போல அதுவும் ஒன்று. யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

மருந்தின் பெயர் நாண்மறப்பி. மூன்று மணி நேரத்துக்கு அவமான உணர்வு மட்டும் மரத்துப்போகும். பசி, பயம், பாசம் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். நிலவில் ஆட்கள் குடியேறிய முதல் இருபது ஆண்டுகளில் நேர்காணல் அறைகளைப் பற்றிப் புகார்கள் குவிந்தன. பதில் சொல்லும்போது கொட்டாவி விட்டார், தன் உதவியாளரைப் பார்த்துக் கண்ணடித்தார், எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் என்றெல்லாம். நிர்வாகம் குழு அமைத்தது. கேட்பவர்களைத் திருத்துவதைவிட வருகிறவர்களை மரத்துப்போக வைப்பது சுலபம் என்று குழு கண்டுபிடித்தது. கொஞ்ச நாளில் கேட்பவர்களும் தங்களுக்கு ஊசி வேண்டும் என்றார்கள். நாளொன்றுக்கு முப்பது பேரை வேண்டாமென்று திருப்பி அனுப்புவது தங்களுக்கும் உறுத்துகிறதாம். அவர்களுக்கும் அதே மருந்து ஒதுக்கப்பட்டது.

மருந்தின் வேகம் இறங்கும்போது, அதுவரை மரத்திருந்ததெல்லாம் மொத்தமாக உறைக்கும். அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு அவர்களைத் தனியே விடுவது குடியிருப்பில் ஒரு மரியாதை. "அவளுக்கு இறங்குற நேரம், அப்புறம் கூப்பிடுங்க" என்றால் மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள்.

அன்று காலை ஒன்பது மணிக்குத் தமயந்தி பிடரியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரைக்கு அப்பாலிருந்து கோதண்டம் பிடரியைத் தடவிக்கொண்டே எழுந்து போனார். அவர்தான் இன்று கேள்வி கேட்கப்போகிறவர். வாயைத் திறந்தால் தேள் என்று பெயரெடுத்தவர்.

"நீ போட்டுக்கலையா?" என்று தமயந்தி பக்கத்தில் நின்ற செசிலியைக் கேட்டாள்.

"எனக்கு ஆகாதுட்டி. போன தடவை இறங்கினப்போ மூணு நாளு சோறு எறங்கல."

"அந்த ஆள் வாயைப் பத்தித் தெரியுமில்ல?"

"தெரியும். அழுதா அழுதுட்டுப் போறேன், இப்ப என்ன?" செசிலி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு. பதினோரு ஆண்டுகளாக இருவரும் ஒரே முறைப்பணியில் காற்றுப் பொறியாளர்கள். குடியிருப்பின் மூச்சு அவர்கள் கையில் இருந்தது. செசிலி செய்வாள், தமயந்தி சரிபார்ப்பாள். கேள்வி கேட்பது தமயந்தியாக இருந்தாலும் பதில் சொல்கிறவர்கள் செசிலியின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். உணவுக்கூடத்தில் செசிலியின் தட்டில் கூடுதலாக ஒரு துண்டு பப்பாளி விழும். இதையெல்லாம் கவனிப்பது சிறுமை என்று தமயந்திக்குத் தெரியும். தெரிந்தும் கண் போகும். தன் தட்டில் குறைந்தது எதுவுமில்லை என்றாலும், அடுத்த தட்டில் கூடியிருப்பது தொண்டையில் முள்ளாக நிற்கும். அந்த முள்ளுக்கு ஊசி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இப்போது இருவரும் ஒரே பதவிக்கு வந்திருந்தார்கள். குடியிருப்புக்காகப் புதிதாக எழுப்பிய குவிமாடமான கவிகைக்குத் தலைமைக் காற்றுப் பொறியாளர். நாற்பது கடந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது என்பது நிலவின் விதி. தமயந்திக்கு முப்பத்தொன்பது வயது எட்டு மாதம். செசிலி மூன்று வயது இளையவள். அவளுக்கு இன்னொரு வாய்ப்பு வரும். தமயந்திக்கு இதுதான் கடைசி.

பத்தரை மணிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். கோதண்டம் கணினித் திரையிலிருந்து தலை நிமிரவில்லை.

"பேரு?"

"தமயந்தி."

"அதான் இங்கே எழுதியிருக்கே. காற்றாடி நின்னுபோச்சு. முதல்ல என்ன செய்வீங்க?"

"தூங்கறவங்களை எழுப்புவேன் சார். இங்கே ஈர்ப்பு குறைச்சல். வெளியே விட்ட மூச்சு மூஞ்சியைச் சுத்தியே நிக்கும். நடமாட விட்டாத்தான்..."

"பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லும் இதை. பதினோரு வருஷம் என்னத்தைம்மா கிழிச்சீங்க?"

பல் மருத்துவரிடம் மரத்துப்போன கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல, தமயந்தி தன் மனதைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நல்ல மருந்து. அழுத்த வேறுபாடு, வடிகட்டி ஆயுள், கசிவுக் கணக்கு என்று அவர் கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னாள். அவர் நடுவில் இரண்டு முறை கொட்டாவி விட்டார். ஒருமுறை எழுந்து போய்த் தனக்கு மட்டும் தேநீர் எடுத்துக்கொண்டு வந்தார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி பப்பாளிக் கூடம். திறக்க வேண்டிய வால்வை மூடினது செசிலி. சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நீங்க. அறுபத்திரண்டு மரம் போச்சு. இப்ப நினைச்சா எப்படியிருக்கு?"

தமயந்தி நினைத்துப் பார்த்தாள். வாடித் தொங்கிய இலைகள் தெரிந்தன. அதற்குப் பிறகு பல மாதங்கள் பப்பாளியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டதும் நினைவில் இருந்தது. ஆனால் அந்த நினைவு யாரோ சொன்ன செய்திபோல நின்றது.

"ஒண்ணும் இல்லை சார். நடந்தது நடந்துபோச்சு."

கோதண்டம் எதையோ குறித்துக்கொண்டார். "போகலாம்."

நண்பகலை ஒட்டிக் கடைசி ஆளாக செசிலி போனாள். வெளியே காத்திருந்த தமயந்திக்கு முதலில் எதுவும் கேட்கவில்லை. பிறகு உள்ளே இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கோதண்டம் சிரித்து யாரும் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பு முடியும்போது தமயந்திக்கு மருந்து இறங்கத் தொடங்கியிருந்தது. அவமானம் வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவமானத்துக்கு முன்னால் பொறாமை வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பதவி செசிலிக்குப் போயிற்று. 'தன் பிழையை உணர்பவர்' என்று காரணம் எழுதியிருந்தார்கள். நான் ஊசி போட்டிருந்தேனே என்று தமயந்தி அலுவலகத்தில் முறையிட்டாள். ஊசி கட்டாயம் இல்லை என்று பதில் வந்தது.

தேர்வு பெறாதவர், தேர்வு பெற்றவரின் நேர்காணல் பதிவை ஒரே ஒருமுறை பார்க்கலாம் என்று குடியிருப்பில் ஒரு சட்டம் உண்டு. சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக வந்த சட்டம். தமயந்தி அதைப் பார்த்தாள். இமைக்காமல் பார்த்தாள்.

அதே கோதண்டம், அதே கேள்வி. "பதினோரு வருஷம் என்னத்தைம்மா கிழிச்சீங்க?"

செசிலியின் முகம் சிவந்தது. கண் நிறைந்து, உதடு ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. "அப்படிச் சொல்லாதீங்க சார். நான் ஊசி போடல. எனக்கு உறைக்குது."

கோதண்டம் அப்போதுதான் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தார். அவர் கை பிடரிக்குப் போயிற்று. தன் முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார். "குடிங்கம்மா. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது." பிறகு பப்பாளிக் கேள்வியைக் கேட்டார், கிட்டத்தட்டத் தயங்கிக்கொண்டே. "இன்னைக்கும் என் தட்டுல யாராவது பப்பாளி வெச்சா, திங்கவும் முடியாது, வேண்டாம்னு சொல்லவும் முடியாது சார்" என்றாள் செசிலி. "பக்கத்துப் பையன் தட்டுல தள்ளிவிட்டுட்டு, ஏப்பம் மட்டும் நான் விடுவேன்." அங்கேதான் இருவரும் சிரித்தது.

குவளை நகர்ந்தபோதே தமயந்தியின் கண் பதிவின் மூலையில் இருந்த கடிகாரத்தில் நின்றிருந்தது. பன்னிரண்டு மணி நாலு நிமிடம். கோதண்டம் ஊசி போட்டுக்கொண்டது ஒன்பதுக்கு. மூன்று மணி நேரம் முடிந்து நாலு நிமிடம். அவருக்கு மருந்து இறங்கியிருக்கிறது! அவ்வளவுதான். கடைசி ஆளாகப் போனது செசிலியின் அதிர்ஷ்டம். தன்னைக் கடைசியில் கூப்பிட்டிருந்தால் அந்தத் தண்ணீர்க் குவளை தன் பக்கம் நகர்ந்திருக்கும்.

இதை அவள் செசிலியிடமே சொன்னாள்.

"இருக்கும்ட்டி," என்றாள் செசிலி. "எனக்கு எல்லாமே நேரந்தான்."

மறுத்துப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் ஒப்புக்கொண்டது தமயந்திக்கு இன்னும் எரிந்தது. இருந்தாலும் அந்த நாலு நிமிடத்தை அவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். செசிலியின் புதுக் கவிகையைப் பற்றி யாராவது புகழ்ந்தால் அதை மனதுக்குள் எடுத்துப் பார்ப்பாள். திறமை இல்லை, குணம் இல்லை, நாலு நிமிடம்.

ஏழு மாதம் கழித்து செசிலி அவளைக் கூப்பிட்டாள். "புதுப் பிள்ளைகள எடுக்கணும். கேள்வி கேக்க உன்ன விட்டா ஆளில்ல. என்னையவே அத்தனை வருஷம் சரிபார்த்தவளாச்சே."

அது கனிவா, போடுகிற பிச்சையா என்று தமயந்தி இரண்டு நாள் யோசித்தாள். பிறகு சம்மதித்தாள்.

இந்த முறை காலை ஒன்பதுக்குத் திரைக்கு அப்பால் உட்கார்ந்தாள். "முடியை ஒதுக்கிக்கொள்ளுங்கள்," என்றது தாதி. எறும்புக் கடி. உள்ளே ஏதோ ஓசையில்லாமல் விலகிப்போனது போல நிம்மதியாக இருந்தது.

முதலில் வந்தவள் மெஹர் என்ற இளம்பெண். கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலின் முடிவிலும் ஒரு சிரிப்பு. செசிலியின் சிரிப்புக்குத் தங்கை மாதிரி. அறையில் இருந்த உதவியாளர் தன்னையறியாமல் சேர்ந்து சிரித்தார். தமயந்தி ஒருத்தி அங்கே இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

"பேரு என்ன சொன்னீங்க?"

"மெஹர், மேடம்."

"அதான் இங்கே எழுதியிருக்கே. இந்தச் சிரிப்பை வெச்சு இதுவரைக்கும் எத்தனை வால்வு திறந்திருக்கீங்க?"

மெஹர் அடுத்த கேள்விக்குக் காத்திருந்தாள்.

"நீங்க சொன்னதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். உங்களை யாரு பொறியாளர்னு சொன்னது? வீட்டிலயா?"

சொல்லச் சொல்ல நாக்கில் ஒரு ருசி ஏறியது. தமயந்தி தன் மனதைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நல்ல மருந்து. எழுந்து போய்த் தனக்கு மட்டும் தேநீர் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அவளைச் சேர்த்து ஐந்து பேரை முடித்துவிட்டு, பதினொன்றரைக்கு ஊசி அறைக்கு வந்தாள். பகல் சாப்பாட்டுக்குச் செசிலி கூப்பிட்டிருந்தாள். அவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இறங்கித் தொலைக்கக் கூடாது.

"தாதி, எனக்கு எத்தனை மணிக்கு இறங்கும்? சரியாச் சொல்லு."

"உங்களுக்கு இறங்காது," என்றது தாதி.

"ஏன்? அளவு கூடிப்போச்சா?"

"உங்களுக்குப் போட்டது உப்புநீர். பூமியிலிருந்து மருந்து வருவது குறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இருப்பதை விண்ணப்பதாரர்களுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறோம். திரைக்கு இந்தப் பக்கம் அனைவருக்கும் உப்புநீர்தான்."

"யாரும்... வித்தியாசமா இருக்குன்னு சொல்லலையா?"

"இதுவரை ஒரு புகாரும் இல்லை. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மூன்று பேர் பாராட்டியிருக்கிறார்கள்."

இரண்டு ஆண்டுகள். அப்படியானால் கோதண்டத்துக்கும் உப்புநீர்தான். அன்று பன்னிரண்டு நாலுக்கு அவருக்கு எதுவும் இறங்கவில்லை. ஒருத்தி, வலிக்கிறது என்று சொன்னாள். அதைக் கேட்டுத்தான் அவர் தண்ணீரை நகர்த்தினார். ஏழு மாதமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த நாலு நிமிடம் கையில் ஒன்றுமில்லாமல் கரைந்தது.

கதவுக்கு வெளியே பெஞ்சில் மெஹர் உட்கார்ந்திருந்தாள். தமயந்தியைப் பார்த்ததும் எழுந்து, மரத்துப்போன அழகான முகத்தோடு புன்னகைத்தாள். "ரொம்ப நன்றி மேடம்."

அவளுக்குப் பன்னிரண்டு மணிக்கு உறைக்கும். அப்போது யாராவது ஒரு கதவைச் சாத்தி அவளைத் தனியே விடுவார்கள்.

தமயந்தி தன் மனதை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள். அப்போதும் ஒன்றும் இல்லை.