துப்பாக்கியை வலது கையில் பிடி!

"ஆ... ஆ... ஆ...!"

அலறிக்கொண்டே சுருண்டு விழுந்தாள் அந்தப் பெண். வெள்ளைக் கோட்டில் ரத்தம் குபுகுபுவென்று பரவியது.

"கட்! ஓகே! பிரமாதம்மா! எழுந்து போய் காபி குடி!"

செத்தவள் எழுந்து காபி குடிக்கப் போனாள்.

சுட்டவனுக்குத்தான் காபி இல்லை. இரும்பு உடுப்புக்குள் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தான், பாவம்!

படம், இருநூறு வருஷம் தள்ளி நடக்கிற விஞ்ஞானக் கதை. காதில் ஒரு குரல் கட்டளையிடும். கூலிக்குக் கொல்லும் எந்திர மனிதன் மறுபேச்சில்லாமல் சுடுவான். போஸ்டரில் ஜொலிப்பது ஹீரோ. ஆனால், நாற்பது நாளாக உடுப்புக்குள் வேகிறவன் டூப். ஹீரோவுக்கு முதுகு வலியாம். வெளியே ஏ.சி. கேரவனில் படுத்துக்கொண்டே, செட் மொத்தமும் தெரிகிற டி.வி.யில் ஷூட்டிங் பார்ப்பார்!

ஹெல்மெட்டை வெளியிலிருந்து நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுவார்கள். உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. இணை இயக்குநரின் கட்டளைக்கு ஓர் இயர்போன், பதிலுக்கு ஒரு மைக், கண்ணுக்கு முன்னால் மங்கலாக ஒரு சிவப்புக் கண்ணாடி. அவனுடைய உலகம் அவ்வளவுதான்.

ஆனாலும், இன்றைக்கு டூப்புக்குக் கால் தரையில் பாவவில்லை. காலையில் டைரக்டர் தோளில் தட்டிச் சொல்லியிருந்தார்.

"நாளைக்குப் பிரஸ் மீட்ல உன்னை மேடை ஏத்தறேன்டா. 'படம் பூரா உடுப்புக்குள்ள இருந்தது இவன்தான்'னு சொல்லப்போறேன்!"

அடுத்த ஷாட். எந்திர மனிதன், தன்னை உருவாக்கிய விஞ்ஞானியையே சுட வேண்டும். விஞ்ஞானி வேஷம் டைரக்டருக்கு. தாடி ஒட்டிக்கொண்டு பத்தடி தூரத்தில் வந்து நின்றார்.

யாரோ டூப்பின் கையில் துப்பாக்கியைத் திணித்தார்கள்.

கனத்தது!

காதில் கர்ர்ர்... என்று ஒரு சத்தம்.

"டூப்பு... உன் கையில இருக்கறது நிஜத் துப்பாக்கி."

எந்திரத்தில் போட்டு அரைத்த குரல். ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை.

"யாரு... இணை இயக்குநர் சாரா? விளையாடாதீங்க சார்!"

"ஆக்‌ஷன்னதும் டைரக்டர் நெஞ்சுல சுடு. தோட்டா மாறிப்போச்சுன்னு நாலு நாள் அழுவாங்க. அப்புறம் மறந்துடுவாங்க."

"முடியாது! செத்தாலும் மாட்டேன்!"

"நீ எதுக்குடா சாகணும்? உன் பொண்டாட்டி எங்க உக்காந்திருக்கான்னு பாரு."

பார்த்தான்.

அவன் மனைவிதான் படத்தின் கன்டினியூட்டி உதவியாளர். போன ஷாட்டில் எது எப்படி இருந்ததோ, இந்த ஷாட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பது அவள் வேலை. மானிட்டர் முன்னால், மடியில் நோட்டுடன் உட்கார்ந்திருந்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஓர் ஆள்! முகம் தெரியவில்லை. வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்!

"பாக்கெட்ல கத்தி இருக்கு. நீ சுடலைன்னா அவ கழுத்து போச்சு. துப்பாக்கியைக் கீழ போட்டாலும் போச்சு. குறி தப்பினாலும் போச்சு!"



"ஏய்... எந்திரிச்சு ஓடும்மா! ஓடு!"

ஹெல்மெட்டுக்குள் கதறினான். அவன் காதுதான் வலித்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கத்து, நல்லா கத்து. எனக்கு மட்டும்தான் கேக்கும்" என்று சிரித்தது குரல்.

"சைலன்ஸ்!" ஒலிபெருக்கியில் இணை இயக்குநர் முழங்கினார். "கேமரா!"

கடவுளே! அவளை அந்த ஸ்டூலிலிருந்து எப்படிக் கிளப்புவது? எதற்கு அவள் தானாக எழுந்து வருவாள்?

ஒன்றே ஒன்றுக்குத்தான் வருவாள்!

சட்டைப் பித்தான் ஒன்று மாறியிருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. டைரக்டரைக்கூடக் கேட்காமல் ஷாட்டை நிறுத்திவிடுவாள்.

"ஆக்‌ஷன்!"

டூப் துப்பாக்கியைத் தூக்கினான்...

வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான்!

"டேய்! வலது கையில பிடிடா! வலது கை!" காதில் குரல் பதறியது.

"கட்! கட்! கட்!"

ஸ்டூலை உதைத்துக்கொண்டு எழுந்தாள் மனைவி. விறுவிறுவென்று வந்தாள்.

"ஏங்க, போன ஷாட்ல வலது கை, இதுல இடது கையா? படம் பாக்கறவனுக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

அவளுக்குப் பின்னாலேயே தொப்பிக்காரனும் வந்தான். பாக்கெட்டிலிருந்து பளபளவென்று எதையோ உருவினான்!

டூப் இரும்புக் கையால் மனைவியை வளைத்து முதுகுக்குப் பின்னால் தள்ளினான். துப்பாக்கியைத் தொப்பிக்கு நேராக நீட்டினான்.

"ஐயோ அண்ணே! சுட்டுடாதீங்க!"

தொப்பிக்காரன் கையிலிருந்தது கீழே விழுந்தது.

ஸ்க்ரூ டிரைவர்!

"ஹெல்மெட் கழட்டற வேலைக்கு இன்னிக்குத்தான் சேர்ந்தேன்ணே... கட்னா ஓடிப்போய்க் கழட்டணும்னு சொன்னாங்க..."

நாலு ஸ்க்ரூவும் கழன்றன. டூப் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினான். ஸ்டன்ட் மாஸ்டர் துப்பாக்கியைப் பிரித்தார். ஆறும் நிஜத் தோட்டா! டைரக்டரின் ஒட்டுத்தாடி பாதி தொங்கியது.

"அப்ப கத்தி, கழுத்து எல்லாம் வெறும் பூச்சாண்டியா? யார்டா அவன்?"

மனைவி நோட்டை மூடினாள். மூளையை மூடவில்லை.

"ஏங்க... கை மாத்தினதும் திட்டினானா?"

"அந்த நொடியே! வலது கையில பிடிடான்னு கத்தினான்."

"சைலன்ஸ் சொன்னப்புறம் இங்க ஒருத்தரும் வாயத் திறக்கல. கத்தியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும். அப்ப வெளியில இருந்து பாத்திருக்கான். இந்த ஷாட் வெளியில ஒரே ஒரு இடத்துலதான் தெரியும்."

எல்லார் தலையும் கேரவன் பக்கம் திரும்பியது!

அடுத்த நிமிடம் ஸ்டன்ட் ஆட்கள் கேரவன் கதவுக்குக் குறுக்கே இரும்புக் குழாயைச் செருகினார்கள். உள்ளேயிருந்து தடதடவென்று தட்டல்.

"கதவைத் திறங்கடா! மூச்சு முட்டுது!"

"ஏ.சி.யிலேயே முட்டுதா சார்?" என்றான் டூப். "நான் நாப்பது நாள் உள்ள இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் வந்த பிறகுதான் கதவு திறந்தது. சோபாவில் குரல் மாற்றும் கருவி. முதுகு வலியெல்லாம் பறந்துபோய், நிமிர்ந்து நின்றார் ஹீரோ.

"நாளைக்கு மேடையில இவனை ஏத்தி என் மானத்தை வாங்கப் பாத்தான் சார் அந்த டைரக்டர்! நான் ஒரு ஷாட்கூட நடிக்கலைன்னு ஊருக்கே தெரிஞ்சா என் கதி என்ன?"

"ஆளை வெச்சுத் துப்பாக்கியை மாத்திட்டா, டைரக்டர் போயிடுவார், டூப் உள்ளே போயிடுவான். அதானே சார் திட்டம்?" இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

வெளியே போட்டோக்காரர்கள் முண்டியடித்தார்கள். ஹீரோ முகத்தை மூடிக்கொண்டார்.

"சார், ப்ளீஸ்... இப்படியே என்னை நடத்திக் கூட்டிட்டுப் போகாதீங்க... வேற ஏதாவது ஏற்பாடு..."

"மன்னிக்கணும் சார்!" விலங்கைப் பூட்டினார் இன்ஸ்பெக்டர். "இதுக்கெல்லாம் டூப் போட முடியாது. இந்த ஒரு ஷாட்டையாவது நீங்களே நடிச்சுக் குடுத்துடுங்க!"