ரத்தக்குழாயில் நான்கு சந்தேக நபர்கள்

திரையில் துடித்துக்கொண்டிருந்த ரத்தக்குழாய் பாதியோடு மறைந்தது!

மேஜையில் படுத்திருந்த ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் மார்பைப் பிடிக்கப் போனார். முடியவில்லை. வலது கை கட்டப்பட்டிருந்தது. அந்த மணிக்கட்டு வழியாகத்தான் மெல்லிய கம்பி இதயம்வரை போயிருந்தது. மரத்திருந்தது மணிக்கட்டு மட்டும்தான். ஆள் முழு விழிப்பு.

"நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்கு, டாக்டரம்மா."

"தெரியுது சார். பேசிட்டே இருங்க."

டாக்டர் கம்பியை உருவவில்லை. அடைப்பைத் தாண்ட இருக்கும் ஒரே பாதை அதுதான். விட்டால் திரும்பக் கிடைக்காது.

"யார் வேலை இது?" இன்ஸ்பெக்டருக்கு முப்பது வருடப் பழக்கம்.

"நாலு பேர் மேல சந்தேகம்."

சுருங்கிப்போன குழாய். கிழிந்த உட்சுவர். காற்றுக்குமிழி. ரத்தக்கட்டி.

குழாயை விரிக்கும் மருந்து மணிக்கட்டு வழியாகவே நேராக இதயத்துக்குப் போனது. மாற்றமில்லை... சுருக்கம் நிரபராதி! சாயம் செலுத்திப் படம் எடுத்தார். கிழிசல் இல்லை, குமிழி இல்லை. அடைப்பின் விளிம்பில் பஞ்சு போல ஒரு நிழல்.

ரத்தக்கட்டி!

ஆனால், ரத்தம் உறையாமலிருக்க சிஸ்டர் முதலிலேயே சலைன் குழாயில் மருந்து போட்டாயிற்றே?

உறிஞ்சுகுழாயைக் கம்பிமேல் ஏற்றிக்கொண்டே ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். மருந்து ஏறியிருந்தால் உறைய இருநூற்றைம்பது நொடியாவது ஆகவேண்டும். நூற்று முப்பதிலேயே உறைந்துவிட்டது.

மருந்து உடம்புக்குள் போகவே இல்லை!

"சிஸ்டரை... விசாரிங்க," இன்ஸ்பெக்டர் முனகினார்.

சிஸ்டரின் முகம் வெளுத்தது. தன் கையால் போட்டதாகச் சத்தியம் செய்தபடியே, இன்ஸ்பெக்டரின் இடது கையிலிருந்த சலைன் குழாயைத் தடவிக்கொண்டு போனவர் சட்டென்று நின்றார். பை, ஊசி, உடம்பு மூன்றையும் இணைக்கும் மூன்று வழித் திருகு உடம்புப் பக்கம் மூடியிருந்தது. போட்ட மருந்தெல்லாம் மேலே ஏறி, சமர்த்தாக சலைன் பைக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

திருகு திறந்தது. மருந்து மறுபடி போனது. டாக்டர் உறிஞ்சினார்...

மிளகளவு சிவப்புக் கட்டி வெளியே வந்து விழுந்தது. திரையில் சாயம் குழாயின் நுனிவரை ஓடியது!

இன்ஸ்பெக்டருக்கு மூச்சு சீரானது. கூடவே மிடுக்கும் வந்தது.

"திருகை மூடினது யாருன்னு தெரியாம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

அவரே யோசித்தார். மெல்ல மெல்ல முகம் தொங்கிப்போனது.

"சலைன் ஏறினா கை ஜில்லுன்னு இருந்துச்சு... ஆரம்பத்துல நான்தான் வலது கையால லேசா திருகி..."

சிஸ்டர் ஸ்டென்ட் உறையைக் கிழித்தபடி சொன்னார்:

"கவலைப்படாதீங்க சார். குற்றம் பண்ண கையை நான் அப்பவே கட்டிப் போட்டுட்டேன்."