முன்னால் போன கோடு

மலையடிவார விடுதிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. அறை முழுக்க ஈரக் கம்பளி நாற்றம். என் கணவர் ஜீப்போடு மலைக்குள் காணாமல் போய் ஒரு மாதம். தேடியவர்கள் கைவிட்டுவிட்டார்கள். நானும் கொழுந்தனும் விடவில்லை.

கட்டிலில் டேப்லெட்டை வைத்து, அவன் இரண்டு வரைபட மென்பொருள்களைத் திறந்தான்.

"இது அண்ணன் வச்சிருந்தது, அண்ணி. பார்க்க அழகா இருக்கும். ஆனா மேடு பள்ளம் காட்டுற உயரக் கோடு நாற்பது மீட்டருக்கு ஒண்ணுதான். நடுவுல முப்பது மீட்டர் பள்ளம் இருந்தாலும் சமதரைன்னு சாதிக்கும்."

"உங்க அண்ணன் மாதிரியே. வழி தெரியலைன்னு என்னைக்கு ஒத்துக்கிட்டார்?"

லேசாகச் சிரித்தான். "இன்னொண்ணு பத்து மீட்டருக்கு ஒரு கோடு. சிக்னல் இல்லாட்டியும் ஓடும். நாம போன தடத்தை நீலக் கோடா பின்னாலயே வரைஞ்சுகிட்டு வரும்."

"அதையே போடு. உன்னையும் தொலைச்சிட்டு நான் வீட்டுக்குப் போக முடியாது."

காலையில் பனி மூடியிருந்தது. வைப்பர் கிறீச்சிடும் சத்தம் மட்டும். மண் பாதை மரங்களுக்குள் தேய்ந்து மறைந்த இடத்தில் கொழுந்தன் பிரேக்கை அழுத்தினான்.

"அண்ணி, கோட்டைப் பாருங்க."

நீலக் கோடு எங்களுக்குப் பின்னால் இல்லை.

முன்னால் நீண்டிருந்தது.

நகர்ந்தோம். அதுவும் நகர்ந்தது. நின்றோம். அதுவும் நின்றது.

"பழசையே போட்டுடவா?" என்றான்.

"வேண்டாம். பின்னாலயே போ."

அவர் ஓட்டும்போது எப்போதும் இருக்கும் அவசரம் அந்தக் கோட்டில் இல்லை.

ஒரு புல்வெளியில் அது நின்றுவிட்டது. அதற்கப்பால் திரையில் உயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இறங்கி நடந்தோம். புல் முடிந்த இடத்தில் தரையும் முடிந்தது.

கீழே ஜீப். ஓட்டுநர் இருக்கையில் அவர்.

மீட்புக் குழு அவரை மேலே கொண்டுவந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவரை ஏற்றிய வண்டி முன்னே போக, நாங்கள் பின்தொடர்ந்தோம். டேப்லெட்டை அணைத்துவிட்டோம்.

தார்ச்சாலைக்கு வந்ததும் எங்கள் வண்டியில் மணி அடிக்கத் தொடங்கியது. பின்னிருக்கையில் இருப்பவரை சீட் பெல்ட் போடச் சொல்லும் மணி.

பின்னால் ஒரு பை கூட இல்லை.

கொழுந்தன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. "அண்ணி..." என்றான், வாய்க்குள்.

நான் திரும்பாமலே சொன்னேன். "போட்டுக்கங்க. வீட்டுக்குப் போயிடலாம்."

பெல்ட் மெதுவாக இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு 'க்ளிக்.'

மணி நின்றது.