ஒண்ணா, ரெண்டா?

"ரெண்டு" என்று பதில் வந்தது. சரியான பதில்தான். ஆனால் அதைச் சொன்னது அண்ணன் இல்லை.

டாக்டர் கையிலிருந்த கிளிப்பை அப்படியே பிடித்தபடி தலையைத் தூக்கினாள். சாதாரணப் பேப்பர் கிளிப்தான். அதை நிமிர்த்தி, இரண்டு முனைகளும் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும்படி வளைத்து வைத்திருந்தாள். விரல் நுனியில் ஒரு முனையையோ இரண்டையுமோ மெல்ல வைத்து, "ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்க வேண்டும். நரம்பு உயிரோடு இருந்தால் சரியாகச் சொல்வார்கள். கண்ணால் பார்த்துச் சொல்லிவிடக் கூடாதென்று மேஜை நடுவே ஒரு மரப்பலகையை நிறுத்தி, கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, அதில் பச்சைத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன். இந்தப் பக்கம் அவள். நடுவில், துணியை விலக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் மல்லாந்து கிடந்தது அந்த வலது கை.

"அண்ணா, ரெண்டுன்னு சொன்னியா?"

"நான் எங்க சொன்னேன்? எனக்கு ஒண்ணுமே தெரியல பாப்பா. வெளிய யாரோ பேசுறாங்க."

மதியச் சாப்பாட்டு நேரம். நர்ஸ் சாப்பிடப் போய்விட்டாள், வராந்தா காலி. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் முனகியது. கை கழுவும் தொட்டியில் குழாய் சொட்டியது. ஸ்பிரிட் வாசனைக்கு அடியில், எத்தனை துடைத்தாலும் போகாத பழைய கட்டுத்துணி வாசனை. பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே, பெஞ்சில் ஒரே ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

அவர் பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. அச்சகத்தில் எல்லாருக்கும் அவர் மூணுதட்டு. காகிதம் வெட்டும் பழைய மெஷினில் அவரும் அண்ணனும் பதினெட்டு வருஷ ஜோடி. தாள் கட்டைச் சீராக அடுக்கி உள்ளே தள்ளிவிட்டு, மேஜைமேல் மூன்று தரம் தட்டுவார். 'கை எடுத்தாச்சு' என்று அதற்கு அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் அண்ணன் காலால் மிதிப்பான், கத்தி இறங்கும். அச்சகமே இரைச்சலில் காது அடைத்துக் கிடக்கும்போதும் அந்த மூன்று தட்டு மட்டும் அண்ணனுக்குக் கேட்டுவிடும்.

இப்போது அவருடைய வலது சட்டைக் கை, மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் மடித்து ஊசி குத்தப்பட்டிருந்தது.

"மன்னிச்சிக்கோங்க டாக்டரம்மா," என்றார் கூச்சத்தோடு. "இல்லாத கைல யாரோ குத்துன மாதிரி இருந்துச்சு. வாராவாரம் இங்க உக்காந்து நீங்க கேக்கறதக் கேட்டுப் பழகிப்போச்சா, என்னையறியாம வாய் சொல்லிடுச்சு."

"போன கை இருக்கற மாதிரியே தோணும். எல்லாருக்கும் அப்படித்தான்," என்றாள். "கொஞ்சம் இருங்க, அண்ணனை முடிச்சிட்டுக் கூப்பிடறேன்."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். போட்ட பிறகுதான், எதற்காகப் போட்டோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அண்ணன் அவசரத்தில் மூன்றாவது தட்டுக்குக் காத்திருக்கவில்லை. சிக்கிய தாளை இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் கால் மிதித்துவிட்டது. இரண்டு வலது கைகள், ஒரே கத்தி. அன்றைக்கு டியூட்டியில் அவள்தான் இருந்தாள். ஐஸ் பெட்டியில் இரண்டு பொட்டலம், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. ஒரு கை, தாளை அமுக்கிப் பிடிக்கும் அழுத்துக்கட்டைக்கு அடியில் மாட்டிக் கூழாகியிருந்தது. அது அண்ணனுடையது. இன்னொன்று அரிந்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. இரண்டிலும் அதே மை ஏறிய நகம், அதே காய்ப்பு, ஏறத்தாழ அதே நிறம். பெரிய டாக்டர் வந்துசேரப் பத்து நிமிஷம் ஆகும். சீட்டை மாற்ற ஒரு நிமிஷம் கூட வேண்டாம்.

மாற்றிவிட்டாள். நல்ல கை அண்ணன் மணிக்கட்டில் தைக்கப்பட்டது. அவள் படிக்க வேண்டுமென்று பதினாறு வயசிலேயே மெஷினுக்குப் போனவன் அண்ணன். அவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், சின்னக் குழந்தை இருக்கிறது. மூணுதட்டுக்கு யார் இருக்கிறார்கள், ஒற்றை ஆள்தானே என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். அநியாயத்துக்குக் காரணம் தேடினால் கிடைக்காமலா போகும்? ஒருவர் கையை இன்னொரு உடம்பு ஏற்காதென்று, அதற்கான மாத்திரையை வீக்கத்துக்கு என்று சொல்லி இன்றுவரை அவளே கொடுத்து வருகிறாள். அண்ணி ஒருநாள் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்து, "உங்கண்ணன் கை ஊருக்குப் போய்ட்டுக் கொஞ்சம் பெருத்து வந்த மாதிரி இருக்கு" என்று சிரித்தாள்.

நாளைக் காலை பெரிய டாக்டர் பார்க்கப்போகிறார். புண் ஒரு ஓரம் ஆறவே மாட்டேன் என்கிறது. "உணர்ச்சி வரலேன்னா எடுத்துடுவோம். எடுத்ததை லேபுக்கு அனுப்பு, ஏன் ஆறலேன்னு தெரியட்டும்" என்று சொல்லியிருக்கிறார். லேபுக்குப் போனால் அது யார் கை என்பதும் தெரிந்துவிடும். அண்ணனுக்குக் கை போகும். அவளுக்கு எல்லாமே போகும். ஒரு விரல், ஒரே ஒரு விரலில் உணர்ச்சி இருந்தால் போதும்.

மறுபடி உட்கார்ந்தாள். நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த நகம் இரண்டு எண்ணுவதற்குள் சிவந்தது. ரத்தம் நன்றாக ஓடுகிறது. பிளாஸ்டிக் பேனாவை விரல்மேல் இழுத்துப் பார்த்தாள். செத்த விரலில் வேர்வை இருக்காது, பேனா வழுக்கிக்கொண்டு போகும். இதில் பேனா ஒட்டி ஒட்டி நகர்ந்தது. வேர்க்கிறது. நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டராக வளர்ந்து நுனிவரை வந்துவிட்டது! சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

கதவுக்கு வெளியே செருமல். "எப்பா, என்னா புழுக்கம். உள்ளங்கையெல்லாம் வேர்க்குது."

அவருக்கு இடது உள்ளங்கை இருக்கிறது. அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தே ஆக வேண்டும்.

இந்தத் தடவை அவள் கேள்வியே கேட்கவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, கிளிப்பின் ஒற்றை முனையை மட்டும் சுண்டுவிரலில் வைத்தாள்.

"ஒண்ணு," என்றது கதவு தாண்டிய குரல், தூக்கக் கலக்கத்தில் பேசுவது போல. "சுண்டுவிரல்."

மோதிர விரலில் இரண்டு முனை.

"ரெண்டு."

கிளிப்பை எடுத்துவிட்டாள். எதையும் தொடவில்லை.

"இப்ப ஒண்ணுமில்ல."

மின்விசிறி முனகியது. குழாய் சொட்டியது.

"பாப்பா," என்றான் அண்ணன், பலகைக்கு அந்தப் பக்கமிருந்து. அவன் முகம் தெரியவில்லை. "எனக்கு எதுவுமே தெரியல. கட்டையை வச்சு ஒட்டுன மாதிரி இருக்கு. போதும் விடு. எடுத்துடச் சொல்லிடு."

"கொஞ்சம் பொறு அண்ணா. நல்லா நினைச்சுச் சொல்லு. லேசா ஊசி குத்துற மாதிரியாவது? எறும்பு ஊர்ற மாதிரியாவது?"

"நீ தொடுறியா இல்லையான்னே தெரியலம்மா."

அவள் அந்தக் கையைத் தன் வலது கையால் எடுத்தாள். சூடாக இருந்தது. பெருவிரலால் உள்ளங்கையைத் தேய்த்தாள். அண்ணனுக்குக் கேட்காதபடி, உதடு மட்டும் அசைய, அதனிடமே கெஞ்சினாள். அவனுக்குத் தெரியட்டும். ஒரே ஒரு தடவை. உனக்குப் புண்ணியமாப் போகும்.

விரல்கள் மடங்கின. ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், அவள் கையைச் சுற்றி.

"அண்ணா! நீயா மடக்கின?"

"எத?"

வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம் கதவருகே வந்து நின்றது.

"டாக்டரம்மா." குரல் தாழ்ந்திருந்தது. "யாரோ என் கையப் பிடிச்சிருக்காங்க. மெத்துனு இருக்கு. பொம்பளக் கை."

அவள் இழுத்தாள். வரவில்லை.

"மோதிரம் போட்டிருக்காங்க."

அவள் போட்டிருந்தாள்.

"டாக்டரம்மா, நான் படிக்காதவன். தெரியாமத்தான் கேக்கறேன், கோச்சுக்காதீங்க. உள்ள இருக்கறது யார் கை?"

கதவுக்கு வெளியே அந்தக் குரல் காத்திருந்தது. இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் அந்தக் கை விட்டுவிடும் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்தது. வாய் திறந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் அண்ணன் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அவனும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். நாளைக் காலை. லேப். அண்ணன் முகம்.

"அண்ணன் கை," என்றாள்.

"அப்படியா," என்றது குரல். கோபம் கொஞ்சமும் இல்லை. "சரிங்க டாக்டரம்மா."

பிடி நகர்ந்தது. உள்ளங்கையை விட்டு அவள் மணிக்கட்டுக்கு வந்தது. பெருவிரல் ஒரு ரத்தக்குழாய்மேல். நடுவிரல் மற்றதன்மேல். அளவெடுத்தது போல. அவள் எத்தனையோ பேர் மணிக்கட்டில் அழுத்திப் பார்க்கும் அதே இரண்டு இடம். அவளுடைய விரல்கள் வெளுத்தன. மெழுகு நிறம். இடது கையால் பிரிக்கப் பார்த்தாள். ஒரு விரல்கூட அசையவில்லை.

பிறகு அந்தக் கையின் ஆள்காட்டி விரல் மட்டும் பிடியிலிருந்து உயர்ந்தது.

மேஜைமேல் தட்டியது. ஒன்று.

பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலி அசைந்தது. "மூணுதட்டு?" என்றான் அண்ணன், எங்கேயோ தொலைவிலிருந்து.

இரண்டு.

"அண்ணா, வேண்டாம். காலை வைக்காத. அண்ணா—"

மூன்று.

இந்த முறை அண்ணன் காத்திருந்தான். மூன்றாவது தட்டைக் கேட்ட பிறகுதான், பதினெட்டு வருஷப் பழக்கத்தில், அவன் கால் தரையை மிதித்தது. வெறும் சிமென்ட் தரை. டப் என்று ஒரு சத்தம்.

வலி இல்லை. மணிக்கட்டைச் சுற்றி நூல் கட்டியது போல ஒரு சிவப்புக் கோடு மட்டும். ரத்தம் வரவில்லை. கோட்டுக்கு மேலே அவள் கை நடுங்கியது. கோட்டுக்குக் கீழே நடுங்கவில்லை.

அந்தக் கை பிடியை விட்டது. அவள் கையைப் பக்குவமாகத் திருப்பி மல்லாத்தி வைத்தது. இரண்டு விரல்களை நீட்டி, மை ஏறிய நகங்களை அவள் ஆள்காட்டி விரல் நுனியில் ஊன்றியது. தோல் குழிவதை அவள் பார்த்தாள். நகம் இறங்குவதைப் பார்த்தாள்.

"கண்ண மூடிக்கோங்க டாக்டரம்மா," என்றது கதவுக்கு வெளியே அந்தக் குரல், வாராவாரம் அவள் கேட்கும் அதே கனிவோடு. "பாத்துச் சொல்லக் கூடாது. ஒண்ணா, ரெண்டா?"