முதல் பனியா, மார்ச் மாதமா?

எங்கள் ஊர்க் கலைக்கூடத்துக்குள், தரை கீறாமலிருக்க, காலணிமேல் கம்பளிச் செருப்பு மாட்டாமல் ஈகூடப் பறக்க முடியாது. உஸ்தீனாவுக்குக் கிடைத்த செருப்பில் ஒன்றுக்குள் அவளுடைய வகுப்பே குடியேறலாம்.

நாலாம் வகுப்பு அ பிரிவும் ஆ பிரிவும் ரஷ்ய ஓவியக் கண்காட்சிக்கு வந்திருந்தன. படங்களைப் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஜெயிக்கிற பிரிவு வரைந்த படங்கள் ஒரு மாதம் முழுக்க இங்கேயே தொங்கும்!

இரண்டு பிரிவும் சரிசமம். மிச்சம் ஒரே கேள்வி.

வழிகாட்டி கபிதலீனா அர்காத்யெவ்னா ஒரு பனிக்காலப் படத்தின் பெயர்ச்சீட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

"இதுக்குப் பேர் என்ன?"

"முதல் பனி!"

ஆ பிரிவு ரொதியோன் கத்திய கத்தலில் பக்கத்துப் படத்துக் குதிரை மிரண்டுபோயிருக்கும்.

கை விலகியது. சீட்டிலும் அதே பெயர். ஆ பிரிவு கூத்தாடியது.

"இல்லீங்க, கபிதலீனா அர்காத்யெவ்னா," என்றாள் அ பிரிவு உஸ்தீனா. "இது மார்ச் மாசம், பனி உருகத் தொடங்குற காலம்."

"அழுகுணி ஆட்டம் ஆடாதே! தோத்தா தோத்ததுதான்," என்றான் ரொதியோன்.

"கண்ணைத் திறந்து பாருடா! முதல் பனி வேலி உயரத்துக்கா விழும்? கூரையில பனிக்கட்டி ஊசி ஊசியாத் தொங்குது. வெயில்ல உருகி, குளிர்ல உறைஞ்சாத்தானே அப்படித் தொங்கும்? மரத்தைச் சுத்தியும் வட்டமா உருகிக் கிடக்கு."

"பாப்பா, அந்தச் சீட்டு எனக்கு முன்னாலயே இங்க வேலைக்குச் சேர்ந்தது," என்றார் வழிகாட்டி. ஆனால் அவர் கண் படத்திலிருந்த கூரையைவிட்டு நகரவில்லை. முகம் பீட்ரூட் சூப்பாகச் சிவந்தது. "ஐயோ, இருபது வருஷமா எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்..."

உஸ்தீனாவுக்குப் பாவமாக இருந்தது.

"நீங்க என்ன பண்ணுவீங்க? சீட்டு எழுதினவர் ஜூலை மாசம் எழுதியிருப்பார். அந்த வெக்கையில பனியே மறந்துபோயிருக்கும். படத்துக்குப் பின்னால ஏதாவது எழுதியிருக்கான்னு பார்க்கலாமா?"

கபிதலீனா அர்காத்யெவ்னா சிரித்த சிரிப்பில் ஜன்னல்கள் அதிர்ந்தன. இரண்டு பேர் வந்து படத்தை இறக்கினார்கள். எண்ணூறு கிலோ இருக்கும், நம்புங்கள்! பின்னால் ஓவியரே பென்சிலால் எழுதியிருந்தார்: 'மார்ச் வெயில்'.

அ பிரிவு போட்ட கூச்சலில் வெளியே உறைந்து கிடந்த ஆறு விரிசல் விட்டது.

"உனக்கு இருக்கிறது கண்ணா, பூதக்கண்ணாடியா?" என்று ரொதியோன் கைகொடுத்தான்.

மறுவாரமே அ பிரிவின் முப்பது படங்களும் சுவரேறின. 'மார்ச் வெயி'லுக்குப் புதுச் சீட்டு எழுதும் வேலையை வழிகாட்டி உஸ்தீனாவிடமே கொடுத்தார்.

அவளுடைய கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஆசிரியை அதில் சிவப்புக் கோடு போடாத நாளே கிடையாது. இனி அதைப் படிக்க அவரும் டிக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும்!